வியாகுலம் கழுவிய தண்ணீர்

மல்லாக்கப் படுத்துத் தலையையும் ஒரு கையையும் சிங்குக்கு அடியில் நுழைத்திருந்த துரைப்பாண்டி, குழாய்க்குப் போகும் வால்வைத் திருகி இறுக மூடினான்; மூடிய பிறகும் நெற்றியில் வந்து விழுந்த சொட்டை விரலால் வழித்து, மோந்து பார்த்து, "அண்ணாச்சி, இன்னைக்கு மீனு வாங்குனியளோ?" என்றான்.

"இல்லியே" என்றார் கஸ்பார். "காலைல ஒரு டீ கிளாஸ் கழுவுனேன். இன்னும் உலையே வைக்கல."

"இது சாளை கழுவுன தண்ணி. இப்பந்தான் கழுவுன மாரி இருக்கு."

வெளியே வந்தவனின் புருவத்தில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. குழாயில் குற்றமில்லை, சிங்குத் தொட்டியிலிருந்து கழிவுத் தண்ணீர் இறங்கும் பைப்பின் இணைப்பில் ரப்பர் வாசர் நைந்திருக்கிறது, அந்த அளவு வாசர் இப்போது பையில் இல்லை, கொண்டுவரும்வரை அடியில் ஒரு வாளியை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, செதிலோடேயே சைக்கிள் ஏறிப் போனான். கஸ்பார் பழைய பெயிண்ட் வாளி ஒன்றைத் தேடி எடுத்து அடியில் வைத்தார். சொட்டு வாளியில் விழும் சத்தம், தோணியின் அடித்தட்டில் நீர் கசியும் சத்தத்தைப்போல் இருந்ததால், அவருக்கு அதில் தொந்தரவு எதுவும் தெரியவில்லை.

வாசனை பிடித்துக்கொண்டு வந்தவள் பக்கத்து வீட்டு மரியபுஷ்பம். வாளிக்கு முன் குந்தி, விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, சந்தேகமே இல்லாமல் சொன்னாள்.

"இது மைனி கழுவுனது அண்ணாச்சி. அவியதான் சாளைக்குக் கல்லுப்பும் புளித்தண்ணியும் போட்டு அலசி, கடைசி அலசலுக்கு மஞ்சப்பொடி போடுவாவ. வேற யாரு போடுதா?"

கஸ்பாரின் மனைவி வியாகுலம் இறந்து இரண்டு மழைக்காலம் போயிருந்தது. படுக்கையில் கிடக்காமல், அந்த வாரம்கூட மீன் கழுவிவிட்டுப் போனவள். அப்படியானால் இத்தனை நாள் ஒழுகியது தனியாளின் ஒரு தட்டையும் ஒரு கிளாசையும் கழுவிய தண்ணீராகத்தான் இருந்திருக்கவேண்டும், அதில் வாசனை ஏது, அதனால்தான் யாரும் கவனிக்கவில்லை என்று இருவரும் பேசி முடிவுக்கு வந்தார்கள். துறைமுகத்துக்குப் போகும் சாலையோரம் இருந்த அந்த வீட்டுவசதிக் குடியிருப்பில், தண்ணீர் எப்போது வரும், எங்கிருந்து வரும், எத்தனை நாளைக்கு வரும் என்று எவரும் எவருக்கும் உறுதி சொன்னதில்லை. நள்ளிரவில் வந்திருக்கிறது, உப்பாக வந்திருக்கிறது, ஒருமுறை தவளைக் குஞ்சோடு வந்திருக்கிறது. ஆகவே போன தண்ணீர் திரும்பி வருகிறது என்பதை, இந்த மாதம் லாரித் தண்ணீர் வராது என்பதைக் கேட்டுக்கொள்வதுபோலவே எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள்.

அது பின்னோக்கி வருகிறது என்பது கொஞ்ச நாளில் தெளிவாயிற்று. ஈஸ்டர் கறியின் மசாலா முதலில் வந்தது, அதற்குப் பிறகு ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலத்துக் கஞ்சி வந்தது, தபசுகாலம் தீர்ந்ததும் கிறிஸ்துமஸ் பலகாரச் சட்டியின் எண்ணெய்ப் பிசுக்கு வந்தது. வாரங்கள் ஓட ஓட, தேய்க்கும் பொருளும் மாறிக்கொண்டு போயிற்று. பச்சைச் சோப்புக்கட்டியின் நுரை போய் மஞ்சள் சோப்புத்தூள் வந்தது. அதற்கும் பின்னால் சாம்பலும் தேங்காய் நாரும் இருப்பது எல்லோருக்கும் தெரியும். வாளி நிறைந்தால் கொல்லையிலிருந்த பப்பாளிக்கு ஊற்றினார்கள். அதற்கு முன் யாராவது ஒருவர் அதை மோந்து பார்த்து, அது எந்த நாள் என்று சொல்லவேண்டும் என்பது எப்படியோ வழக்கமாகிவிட்டது.

சொல்வதற்கு ஆள் இருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் தண்ணீரின் வேகம் தரைத்தளத்தோடு நின்றுவிடும். தரைத்தளத்திலும் வியாகுலத்தின் குழாயில்தான் அது விரல் கனத்துக்கு விழும். மேல்மாடிப் பெண்கள் எல்லோரும் பானையையும் சட்டியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து அந்தத் தொட்டியில்தான் கழுவினார்கள், கழுவும்போது பேசினார்கள், பேசி முடியாததால் கழுவியதையே திரும்பவும் கழுவினார்கள். அதனால் அவரவர் வீட்டு நாட்களும் அந்தப் பைப்பில் கலந்துதான் போயிருந்தன. இரண்டாம் மாடி இசக்கியம்மா, தன் கடைசி மகன் பிறந்த பின் கிண்டிய பிரசவ மருந்துக் காயத்தின் நெடி ஒருநாள் வந்தபோது, ஒரு சொம்பு எடுத்துக்கொண்டுபோய் அந்த மகனிடமே காட்டினாள். "நாறுது, கீழ ஊத்து" என்று அவன் சொன்னதை வந்து சொல்லிச் சிரித்தாள். நகராட்சியிலிருந்து கசிவைப் பார்க்க வந்தவர், மோந்து பார்த்து, "யாரோ சுக்கு வறுக்காங்க" என்று சொல்லி, ஒரு காப்பி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

ஆனால் அந்த வாளி வேறு யாரையும்விடக் கஸ்பாருக்குத்தான் வேண்டியிருந்தது. அவர் தோணியில் தண்டலாக இருந்தவர். பாயும் சரக்கும் ஆட்களும் தண்டலின் பொறுப்பு. வெங்காயமும் செங்கலும் கருப்பட்டியும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய், காற்று தோதுப்படும்போது திரும்பி வந்து, கடல் கெட்டிருக்கும் மாதங்களில் மட்டும் வீட்டில் இருந்தவர். வேலையை விட்டு வீட்டோடு இருந்த வருடங்களின் தண்ணீர் தீர்ந்து, அவர் இல்லாத வருடங்களின் தண்ணீர் வரத் தொடங்கியபோது, அவர் வெளியே போவதையே நிறுத்திவிட்டார். சந்தைக்குக்கூட மரியபுஷ்பத்தையே அனுப்பினார்.

எது அவர் இருந்த நாள், எது இல்லாத நாள் என்று கண்டுபிடிக்க அவருக்கு யார் உதவியும் தேவைப்படவில்லை. கையில் நாராக எது கிடைத்தாலும் அதை எட்டுப்போல் முடிச்சுப் போடுவது அவருடைய கைக்குப் பழக்கம். சாப்பிட்ட தட்டில் மென்று போட்ட முருங்கைக்காய் நார், கறிவேப்பிலைக் காம்பு, பனங்கிழங்குத் தும்பு எதையும் அவர் விரல்கள் சும்மா விட்டதில்லை. "தட்டக் கட்டிப் போட்டிருக்கியளே, என்ன, ஓடிப்போயிருமா?" என்று வியாகுலம் ஒவ்வொரு முறையும் கேட்பாள். வீட்டில் இருந்த நாட்களின் வாளியில் அந்த முடிச்சுகள் மிதந்தன. முடிச்சு இல்லாத வாளி வந்தால், அவர் மரியபுஷ்பத்தின் முகத்தைப் பார்ப்பார்.

"இன்னைக்கு என்ன?"

"பால்பாட்டில் கொதிக்கவச்ச தண்ணி. ஜெசிந்தாவுக்குக் காய்ச்சல் வந்து, பால் குடிக்க மாட்டேன்னு அழுதால்லா? நாங்க மாறி மாறித் தூக்கிக்கிட்டு நடந்தோம்."

"நான் எங்க இருந்தேன்?"

"நீங்க மாலேல இருந்திய. வரும்போது ஒரு குடை வாங்கிட்டு வந்திய. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததையே மைனி சொல்லலல்லா, குடையப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு நின்னாவ."

மகள் ஜெசிந்தா இப்போது குவைத்தில் நர்சாக இருக்கிறாள். கஸ்பார் அந்த வாளியை அன்று பப்பாளிக்கு ஊற்றவில்லை. ஆறிப் புளித்து நாற்றம் எடுக்கும்வரை வைத்திருந்தார்.

இப்படி வாளி வாளியாகத் தன் கல்யாண வாழ்க்கையை அவர் பின்பக்கமாக வாழ்ந்துகொண்டு போனார்; இருந்த நாட்களைவிட இல்லாத நாட்களே கூடுதல் என்பது தெரிந்தபோது வருந்தவுமில்லை, இனி வரவேண்டியது நிறைய இருக்கிறது என்பதுபோல் சவரம் செய்துகொண்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு காலையிலேயே சிங்குக்கு முன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். துரைப்பாண்டி வாசர் கொண்டுவந்த இரண்டு தடவையும், "இப்ப வேண்டாம்வே, பொறவு பாப்போம்" என்று திருப்பி அனுப்பினார். பின்பக்கச் சுவர் வழியாக ஈரம் மரியபுஷ்பத்தின் அடுக்களைக்குள் ஏறி, அவளுடைய உப்பு ஜாடி கசிந்தது, மாதா படம் உப்பியது. "செவுரு கெடக்கு அண்ணாச்சி, செவுரு எங்க போவுது" என்றாள் அவள்.

ஒருநாள் சோப்புத்தூள் நின்று சாம்பல் வந்தது. அன்று சாயந்திரம் மரியபுஷ்பம் பப்பாளிக்குப் பக்கத்தில் இசக்கியம்மாவை நிறுத்தினாள்.

"சாம்பல் வந்துட்டுக்கா. இன்னும் கொஞ்ச நாள்ல அந்த வருசம் வந்துரும்."

இசக்கியம்மா வாளியைக் கீழே வைத்தாள். "அதத்தான் நானும் நெனச்சுக்கிட்டே இறங்கி வந்தேன்."

அந்த வருடம் என்பது, கஸ்பாரின் தோணி காற்றில் அடித்துக்கொண்டு போய்த் திசை தெரியாமல், முங்கிவிட்டது என்றே ஊரில் பேச்சாகிப்போன வருடம். கடிதமும் இல்லை, தந்தியும் இல்லை. வீட்டில் அரிசி இல்லாமல் ஆனபோது வியாகுலம் யார் வீட்டுப் படியும் ஏறவில்லை. துறைமுக வாசலில் இருந்த கொம்பையா மெஸ்ஸில் கிணறு வற்றிப்போய் எச்சில் தட்டுகள் குவிந்து கிடக்கின்றன என்று கேள்விப்பட்டு, என் வீட்டில் தண்ணீர் விழுகிறது, அனுப்பினால் கழுவித் தருகிறேன் என்று சொல்லிவிட்டாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மூன்றுசக்கர வண்டியில் சாக்குச் சாக்காகத் தட்டுகள் கொல்லை வாசலுக்கு வந்து இறங்கின. மரியபுஷ்பமும் இசக்கியம்மாவும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூட நின்று தேய்த்தார்கள்.

கஸ்பாரின் தாய் ஒரு வியாபாரி வீட்டில் எச்சில் பாத்திரம் கழுவி அவரை வளர்த்தவள். "என் பொஞ்சாதி மட்டும் எவன் எச்சிலயும் தொடமாட்டா" என்பதைக் கல்யாணப் பந்தியில் வைத்தே சொன்னவர் அவர். நல்ல மனநிலையில் இருக்கும்போதெல்லாம் அதையே திரும்பச் சொன்னவர். அதனால் வியாகுலம் அந்த இரண்டு பெண்களின் சாம்பல் படிந்த கையையும் பிடித்து, அவர் காதுக்கு இது போகாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். ஒருத்தி மாதா மேலும் ஒருத்தி இசக்கி அம்மன் மேலும் செய்த சத்தியம். இத்தனை வருடம் காப்பாற்றியதை இப்போது ஒரு நைந்த வாசர் சொல்லிவிடப் போகிறது.

மறுநாள் மரியபுஷ்பம் துரைப்பாண்டியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே இசக்கியம்மாவும் வந்தாள். கஸ்பார் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, என் செவுரு ஊறுது."

"செவுரு கெடக்குன்னியே."

"நேத்து வரைக்கும் கெடந்துச்சு. இன்னைக்கு ஊறுது."

"நான் பூசித் தாரேன்."

"பூசுனா? ஒழுகுறது ஒழுகத்தான செய்யும்? மாதா மொகமே உப்பிப்போச்சு, பாக்க எங்க மாமியா மாரி இருக்கு."

துரைப்பாண்டி சிரித்துவிட்டு, சிரித்திருக்கக்கூடாதோ என்று நிறுத்திக்கொண்டான். "ரெண்டு நிமிசம் அண்ணாச்சி. நட்டக் கழத்தி, வாசரப் போட்டு, டேப்பு சுத்தி இறுக்கிருவேன். சொட்டு விழாது."

"மொதல்ல என்னக் கழத்திட்டு அதை மாட்டு வே" என்றார் கஸ்பார். ஸ்டூலை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இசக்கியம்மா தரையில் உட்கார்ந்தாள். அவளுக்குத்தான் அவரிடம் அதட்டிப் பேசும் வயது. "தண்டலாரே, கழிஞ்சது கழிஞ்சதுதான? ஊத்துன தண்ணிய மோந்துக்கிட்டு எம்புட்டு நாளு இருப்பீரு?"

"ஒங்களுக்குக் கழிஞ்சதுக்கா. நீங்க இருந்திய, பாத்திய, கழிஞ்சது. எனக்கு இப்பந்தான வருது?"

மரியபுஷ்பம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சொல்லவும் முடியாமல் போகவும் முடியாமல் எல்லோரும் அப்படியே இருந்தபோது, சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது கம்பியாக இறங்கத் தொடங்கியது. வாளி நிறைகிற சத்தம் மாறியது. துரைப்பாண்டி தானாகவே குனிந்து, ஸ்டூலின் காலிடுக்கில் கையை நீட்டிப் பிடித்து மோந்து பார்த்தான்.

"சாம்பாரு அண்ணாச்சி. ரசமும் இருக்கு. ஒரு வீட்டுச் சாம்பாரு இல்ல, கல்யாண வீட்டு அளவு."

கஸ்பார் மோந்து பார்க்கவேண்டிய தேவையே இல்லை. பெருங்காயத்துக்குப் பதிலாகப் பூண்டைத் தட்டிப்போட்டு, பருப்பு கம்மியாக, வெல்லம் தூக்கலாக இருக்கும் அந்தச் சாம்பாரை, கரை ஏறும்போதும் இறங்கும்போதும் துறைமுக வாசலில் உட்கார்ந்து அவர் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறார்.

"கொம்பையா மெஸ்ஸு" என்றார்.

வாளி நிறைந்து வழிந்தது. மரியபுஷ்பம் ஓடிப்போய்த் தன் வீட்டு வாளியைக் கொண்டுவந்து வைத்தாள்; அதுவும் நிறைய ஆரம்பித்தது. சாம்பல் கரைந்த தண்ணீர், சோற்றுப் பருக்கை, வற்றல் காம்பு, நூறு ஆண்கள் மென்று துப்பிய முருங்கை நார். கஸ்பார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் கறுத்து வந்தது.

"இங்கயா?"

மரியபுஷ்பம் இசக்கியம்மாவைப் பார்த்தாள்.

"இந்தத் தொட்டிலயா கழுவுனா?"

"சத்தியம் வாங்கிட்டா தண்டலாரே" என்றாள் இசக்கியம்மா. "வயித்துக்குச் சோறு வேணும்லா? நாங்களும் கூட நின்னோம். அவளத் தனியா விடல."

அவர் எழுந்தார். எதையோ எட்டி உதைக்கப்போகிறவர்போல் எழுந்தார் என்றுதான் துரைப்பாண்டிக்குத் தோன்றியது, வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். இழுத்த வேகத்தில் தண்ணீர் சுழன்று, அடியில் கிடந்த நார் ஒன்று மேலே வந்து மிதந்தது. எட்டுப்போல் முடிச்சுப் போட்ட முருங்கை நார்.

கஸ்பார் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். மரியபுஷ்பம் எட்டிப் பார்த்தாள்.

"இது நீங்க போடுத முடிச்சுல்லா? நீங்கதான் அப்பம் இல்லியே."

அவர் திரும்பவும் ஸ்டூலில் உட்கார்ந்தார். தண்ணீர் பின்னோக்கி வருகிறது. ஆகவே மெஸ் தண்ணீரில் முதலில் வரக்கூடியது, அவள் கடைசியாகக் கழுவிய நாளின் தண்ணீர்தான். அந்த நாள் அவருக்குத் தெரியும். சரக்கை இழந்து, தோணியை ஒரு தீவின் மணலில் விட்டுவிட்டு, வேறு யாருடைய தோணியிலோ ஏறிக் காலையில் கரை சேர்ந்த நாள் அது. கையில் ஒன்றும் இல்லாமல் வீட்டு வாசலில் போய் நிற்க வெட்கப்பட்டு, துறைமுக வாசலிலேயே சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, கொம்பையா தெரிந்தவன் என்பதால் மத்தியானம் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டார். விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வீட்டுக்கு வந்தார். இத்தனை வருடத்தில் யாரிடமும் அவர் சொல்லாதது அது.

"ஒருநாளு" என்றாள் மரியபுஷ்பம், மெதுவாக, தனக்கே இப்போதுதான் ஞாபகம் வருகிறவளைப்போல. "ஒருநாளு மைனி ஒரு தட்டக் கழுவாம கையிலயே வச்சுக்கிட்டு நின்னாவ. நாங்க தேய்க்கோம், அவிய நிக்காவ. என்ன மைனின்னு கேட்டா சிரிக்காவ. பொறவு வண்டிக்காரன்கிட்ட, நாளைலருந்து தட்டு அனுப்பவேண்டாம்னு மெஸ்ஸுல சொல்லுங்கன்னுட்டாவ. சாயந்திரம் எங்க வீட்டுக்கு வந்து, ஒரு உழக்கு அரிசி குடு புஷ்பம், இன்னைக்கு ஒரு ஆளு கூட உண்டும்னாவ. நீங்க அப்பம் இன்னும் வரவே இல்ல."

அன்று கதவைத் திறந்த வியாகுலம் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். அழவில்லை. எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. "சாப்பிட்டியளா?" என்று கேட்டாள். "இல்ல, பசிக்கு" என்று அவர் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே சோறு போட்டாள், அவர் வயிறு முட்ட முட்டச் சாப்பிட்டார், போதும் என்றால் தெரிந்துவிடும் என்று மறுசோறும் வாங்கினார். இன்னும் இரண்டு வாய், இன்னும் இரண்டு வாய் என்று அவள் போட்டுக்கொண்டே இருந்தாள். புருசன் உயிரோடு வந்த சந்தோசத்தில் சிரிக்கிறாள் என்றுதான் அன்றைக்கும், அதற்குப் பிறகும், அவளைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கும் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த முடிச்சு மத்தியானமே அவள் கைக்குப் போயிருக்கிறது.

முதலில் அவருடைய வயிறுதான் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து மரியபுஷ்பம் பக்கத்தில் வந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணிலிருந்தும் கொட்டியது.

"என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல. ஒரு முடிச்சு."

தண்ணீர் இன்னும் கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது. இதற்குப் பின்னால் அந்த மாதங்கள் முழுவதும் வரிசையில் நிற்கின்றன, ஒவ்வொரு மத்தியானமும், ஒவ்வொரு சாக்கும். அதற்கும் பின்னால் அவருக்கு இன்னும் தெரியாத எத்தனையோ நாட்களும், கடைசியில் அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளில் அவள் பொங்கவிட்ட பாலும். கஸ்பார் நாரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஸ்டூலைத் தூக்கிச் சுவரோரம் வைத்தார்.

"துரை, வாசர் வச்சிருக்கியா?"

"இருக்கு அண்ணாச்சி."

"மாட்டு."

"மாட்டிரவா? பொறவு வேணும்னாலும்…"

"அவ மறைச்சுவச்சது மறைஞ்சே கெடக்கட்டும்வே. இறுக்கி மாட்டு."

துரைப்பாண்டி மல்லாக்கப் படுத்து உள்ளே நுழைந்தான். நட்டைக் கழற்றிய நேரத்தில் மூஞ்சி நிறையச் சாம்பல் தண்ணீர் விழ, துப்பிக்கொண்டே புது வாசரைப் போட்டு, வெள்ளை டேப்பைச் சுற்றி, ஸ்பானரால் இறுக்கினான். வெளியே வந்து குழாயைத் திறந்துவிட்டான். தொட்டியில் தண்ணீர் விழுந்து, இறங்கி, போயிற்று. அடியில் கையை வைத்துப் பார்த்தான். காய்ந்திருந்தது. இரண்டு வாளித் தண்ணீரையும் இசக்கியம்மா பப்பாளிக்குக் கொண்டுபோய் ஊற்றினாள்; நாள் எதையும் சொல்லவில்லை.

மத்தியானமாகிவிட்டதால் மரியபுஷ்பம் தன் வீட்டுச் சோற்றையும் ஊளி மீன் குழம்பையும் அங்கேயே கொண்டுவந்து வைத்தாள். நான்கு பேரும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சுவரைச் சிமெண்டில் பூசினால் நிற்குமா, சுண்ணாம்பு கலக்கவேண்டுமா என்று பேச்சு வந்தது.

"சிமெண்டு போதும்" என்றான் துரைப்பாண்டி. "ஆனா ஈரம் காஞ்ச பொறவுதான்."

"மாதா காஞ்சா எங்க மாமியா மூஞ்சி போயிருமா?"

"அது போவாது, அது அச்சு" என்றாள் இசக்கியம்மா.

கஸ்பார் எழுந்து, தன் தட்டோடு துரைப்பாண்டியின் தட்டையும் மரியபுஷ்பத்தின் தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு தொட்டிக்குப் போனார். சட்டைக் கையை மடித்துவிட்டார். சுண்ணாம்புதான் உப்பைத் தாங்கும் என்று சொல்லிக்கொண்டே இசக்கியம்மா கடைசி வாயை வழித்து உண்டு, தன் தட்டையும் திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாக நீட்டினாள். அவர் அதையும் வாங்கி, குழாயைத் திறந்து, கழுவத் தொடங்கினார்.